வேலணையிலிருந்து யாழ். நகருக்கு: இணையத்தோடு இயங்கும் வழிகாட்டிக் கருவி நமக்கு எதற்கு உதவும்?

வேலணையிலிருந்து நாள்தோறும் யாழ்ப்பாண நகருக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு வழி தெரியாமல் போவதில்லை. வங்களாவடிச் சந்தியிலிருந்து புறப்பட்டால் மண்கும்பான், அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைத் தாம்போதி, அதற்கப்பால் நகரம். இருபது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம். ஊர்காவற்றுறை, சரவணை, நாரந்தனை, புங்குடுதீவு ஆட்களுக்கும் கடைசியில் இதே பாதைதான்.

அப்படியிருக்க, கார்களிலும் ஓட்டோக்களிலும் கைபேசித் திரையில் நீலக் கோடு ஓடிக்கொண்டிருப்பதை இப்போது தீவகத்திலும் காண்கிறோம். வழி தெரிந்தவருக்கு வழிகாட்டி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இந்தக் கருவிகள் பல வீதிகள் உள்ள பெருநகரங்களுக்காகச் செய்யப்பட்டவை. ஒரே வழி உள்ள தீவில் அவை வேறு வகையில்தான் பயன்படும். எதில் உதவும், எதில் நம்பக் கூடாது, அதைச் சரியாக்க நாம் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை ஒழுங்காகத் தருகிறது.

கருவிக்குள் இருக்கும் மூன்று

வழிகாட்டிக் கருவி என்பது மூன்று விடயங்களின் சேர்க்கை. முதலாவது, நீங்கள் நிற்கும் இடத்தை அறிவது. இரண்டாவது, வரைபடம். மூன்றாவது, இணையம். இந்த மூன்றையும் பிரித்து விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இடத்தை அறிவது ஜி.பி.எஸ். அமைப்பின் வேலை. பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் நேரத்தைச் சொல்லும் அலைகளை அனுப்பிக்கொண்டேயிருக்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் அலை கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இது அமெரிக்க இராணுவத்துக்காக உருவான அமைப்பு. 1983 செப்டெம்பரில் தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் வான்பரப்பில் சுட்டு வீழ்த்தப்பட்ட பின்னர், பொதுமக்களுக்கும் இது திறந்துவிடப்படும் என அமெரிக்கா அறிவித்தது. பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. இன்றைய கைபேசிகள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் அலைகளையும் சேர்த்தே எடுக்கின்றன. திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசி சுமார் 5 மீற்றர் அளவுக்குத் துல்லியமாக இடம் காட்டும்.

இதற்கு இணையம் தேவையில்லை, பணமும் இல்லை. ‘சிக்னல் இல்லை, அதனால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது’ என்று பலர் நினைப்பது தவறு. இரு பக்கமும் கடலாக இருக்கும் பண்ணைத் தாம்போதியில் வானம் முழுவதும் திறந்திருப்பதால், மாடிக் கட்டடங்கள் நெருங்கிய நகரத் தெருவைவிட அங்கே இடம் துல்லியமாகவே தெரியும். இணையம் இருந்தால் செய்மதிகளின் விபரம் விரைவாகக் கிடைத்து, முதல் தடவை இடம் பிடிக்கும் நேரம் குறையும். அவ்வளவுதான்.

இணையம் கொண்டுவந்த மாற்றம்

பழைய வழிகாட்டிக் கருவிகளில் வரைபடம் உள்ளேயே பதிந்திருக்கும். வீதி மாறினாலும் கருவிக்குத் தெரியாது. 2008 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டாஷ் எக்ஸ்பிரஸ் என்ற கருவி இதை மாற்ற முயன்றது. காருக்குள் பொருத்திய அந்தக் கருவி கைபேசி வலையமைப்பு வழியாக இணையத்தோடு பேசியது. தான் ஓடும் வேகத்தை மையத்துக்கு அனுப்பும். மற்றக் கருவிகள் அனுப்பியதைப் பெற்று எந்த வீதியில் நெரிசல் என்று சொல்லும். வேலைக்குப் போய்வருவோருக்கு இது பெரிய உதவி. ஆனால் அதே ஆண்டின் இறுதியிலேயே கருவி தயாரிப்பதை அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. 2009 இல் பிளாக்பெரி தயாரித்த நிறுவனம் அதை வாங்கியது. அதே 2009 ஒக்டோபரில் கூகுள் தன் இலவச வழிகாட்டலை அமெரிக்காவில் அறிவித்தது. தனிக் கருவி செய்த வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டது.

இன்றைய செயலிகளும் இதே முறையில்தான் நெரிசலை அறிகின்றன. வீதியில் நகரும் கைபேசிகள் அனுப்பும் இடமும் வேகமும்தான் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகளாக மாறுகின்றன. ஜெர்மனியக் கலைஞர் சைமன் வெக்கெர்ட் ஒரு சிறிய இழுவை வண்டியில் 99 கைபேசிகளை வைத்து பெர்லின் தெருவில் மெதுவாக நடந்தார். வெறிச்சோடிய அந்தத் தெருவைக் கூகுள் வரைபடம் சிவப்பாகக் காட்டியது. கருவி வீதியைப் பார்ப்பதில்லை, கைபேசிகளைத்தான் பார்க்கிறது என்பதை அது எல்லோருக்கும் விளங்கவைத்தது.

இதன் மறுபக்கம்தான் நமக்கு முக்கியம். கைபேசிகள் குறைவாக ஓடும் வீதியில் கருவிக்குச் சொல்ல எதுவும் இருக்காது. தீவகத்தின் உள்வீதிகளில் நிறக்கோடு தெரியாவிட்டால் வீதி வெறுமையாக இருக்கிறது என்று பொருள் அல்ல. செய்தி இல்லை என்பதே பொருள்.

வேலணையில் எதற்கு உதவும்

முதலாவது உதவி, புறப்படும் நேரம். வேறு வழி இல்லாத இடத்தில் ‘எந்த வீதி’ என்ற கேள்வி இல்லை. ‘எப்போது’ என்ற கேள்விதான் உண்டு. வீட்டை விட்டு இறங்குமுன் ஒரு தடவை வரைபடத்தைத் திறந்து பண்ணைப் பக்கம் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். தாம்போதியில் ஒரு விபத்து என்றால் நடுவில் திரும்புவதற்கு ஒழுங்கை கிடையாது. மண்டைதீவுச் சந்திக்கு முன்னரே அறிந்தால்தான் பயன்.

இரண்டாவது, நகரத்துக்குள் நுழைந்த பிறகு. பண்ணையைத் தாண்டியதும் போதனா வைத்தியசாலைச் சுற்றாடல், மத்திய பஸ் நிலையச் சுற்றாடல், காங்கேசன்துறை வீதி, ஸ்ரான்லி வீதி என்று தெரிவு பலவாகிறது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்த பிறகு கடவைகளில் காத்திருப்பதும் சேர்ந்துகொண்டது. இங்கே ஓடும் கைபேசிகள் அதிகம் என்பதால் நேரடி நெரிசல் தகவலும் ஓரளவு நம்பக்கூடியது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும் ஆலயச் சூழலில் வீதிகள் மூடப்படும். அந்த மாற்றம் எப்போதும் கருவியில் உடனே ஏறுவதில்லை. அந்த நாட்களில் பொலிஸார் காட்டும் திசையே சரியான திசை.

மூன்றாவது, தெரியாத வீட்டைத் தேடிப் போகும்போது. இதற்குப் பின்னர் வருவோம்.

எதை நம்பக் கூடாது

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் உள்ள சிறு கடலைக் கடக்கும் மிதவையை நம்மவர்கள் ‘பாதை’ என்றே அழைக்கிறார்கள். ‘பாதை ஓடுதா?’ என்று ஊரில் கேட்டால் எல்லோருக்கும் விளங்கும். கருவிக்கு விளங்காது. வரைபடத்தில் கடல்மேல் ஒரு கோடு இருந்தால் அது எப்போதும் திறந்திருப்பதாக எண்ணி, காரைநகர், பொன்னாலை வழியாக உங்களை அனுப்பக்கூடும். பாதை பழுதடைந்த நாளிலும், காற்று கடுமையான நாளிலும் துறையில் போய் நின்றபிறகுதான் உண்மை தெரியும். புறப்படுமுன் ஊர்காவற்றுறையில் தெரிந்த ஒருவருக்கு அழைப்பெடுத்துக் கேட்பதே நல்லது.

குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகளுக்கும் இதே விதிதான். செயலி காட்டும் படகு நேரத்தை நம்பி நோயாளியையோ பரீட்சைக்குப் போகும் பிள்ளையையோ கூட்டிச் செல்ல வேண்டாம். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் குறிகாட்டுவான் வீதி முழுவதும் வாகனமாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வரைபடத்தில் வீதியாகத் தெரியும் எல்லாம் போகக்கூடிய வீதி அல்ல. செய்மதிப் படத்தைப் பார்த்து வரையப்பட்ட ஒழுங்கை நிலத்தில் பற்றையாகக் கிடக்கலாம். படைமுகாம் வேலியில் முடியலாம். மாரியில் வெள்ளத்துக்குள் இருக்கலாம். வன்னிப் பக்கம் பயணிப்போருக்கு இதைவிட முக்கியமான ஒன்று: மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் கருவி என்ன சொன்னாலும் நுழையாதீர்கள்.

எந்தக் கருவி?

இலங்கைக்கு வரும் பாவித்த ஜப்பான் கார்கள் பலவற்றில் வழிகாட்டித் திரை பொருத்தியே வருகிறது. அதிலுள்ள வரைபடம் ஜப்பானுடையது, மொழியும் ஜப்பானியம். வேலணையில் அது வானொலிக்கும் பின்பக்கக் கமராவுக்கும் மட்டுமே பயன்படும். சில வகைகளில் உள்ளிருக்கும் நினைவட்டையைக் கழற்றினாலோ பற்றரியை மாற்றினாலோ திரை பூட்டிக்கொள்ளும். ஆகவே பற்றரி மாற்றுமுன் விபரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. புதிதாக வாங்குவோர் இதையும் பார்த்து வாங்க வேண்டும்.

அந்தத் திரையை எடுத்துவிட்டு அன்ட்ரொய்ட் திரை பொருத்துவது ஒரு வழி. அதற்குத் தனி சிம் போடலாம், அல்லது கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு மட்டும் என்றால் கைபேசியும் நல்ல பிடிப்பானும் போதும். வழிகாட்டலுக்கு அதிக டேட்டா போகாது. ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சில மெகாபைற்தான். வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் கைபேசி சூடேறி நின்றுவிடும். காற்று வரும் துவாரத்தின் முன் பொருத்துவது நல்லது. ஓடும்போது கையில் பிடித்துப் பார்ப்பது ஆபத்து மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்கூட. வழியை முதலே போட்டுவிட்டுக் குரலைக் கேளுங்கள். தமிழ்க் குரலும் உண்டு.

ஒரு நிறுவனத்தின் இணையச் சேவை இல்லாமல் இயங்காத தனிக் கருவிக்குப் பெரும் பணம் கொடுக்காதீர்கள். டாஷ் எக்ஸ்பிரஸ் வாங்கியவர்களின் கதை அதற்கு எச்சரிக்கை.

இணையம் அறுந்தாலும் வழி காட்ட, வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கிவைக்கலாம். கூகுள் வரைபடத்தில் யாழ். குடாநாட்டையும் தீவகத்தையும் ஒரே சட்டத்துக்குள் எடுத்து இறக்கினால் போதும். அப்போது கார் வழி கிடைக்கும். நெரிசல் தகவல் கிடைக்காது. ஓர்கானிக் மப்ஸ், ஒஸ்மண்ட் ஆகிய செயலிகள் முழுக்க இணையமின்றியே இயங்கும். அவை 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற பொதுமக்கள் வரைபடத்தைப் பயன்படுத்துகின்றன.

பெயர் தெரியாத கருவி

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சொல்லும் முதல் குறை, ஊரின் பெயரைத் தட்டினால் சரியாக வருவதில்லை என்பது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரை வைத்தார்கள். வேலணைத் தீவு லைடன் ஆனது, புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்ரடாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். மற்றவை பெரும்பாலும் ஏடுகளோடு நின்றுவிட்டன. டெல்ஃப்ற் மட்டும் இன்றும் அரச ஆங்கிலப் பெயராக இருக்கிறது. அந்தப் பெயரைத் தனியாகத் தட்டினால் கருவி நெதர்லாந்தைக் காட்டுவதில் வியப்பில்லை. ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் கயிற்ஸ் என்று தேட வேண்டும். தமிழில் தட்டுவதோடு ‘யாழ்ப்பாணம்’ என்பதையும் சேர்த்தால் பல தடவை சரியாக வரும்.

லண்டனில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் சில வீடுகள் அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய் விடும். இங்கே ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஒரு தபாலகத்தின் முழுப் பகுதிக்கும் ஒன்று. வீட்டு இலக்கமும் பல ஒழுங்கைகளில் இல்லை. ‘ஐயா, இன்னாற்ற வீடு எங்க?’ என்று கடையில் கேட்டு, ‘தம்பி, நேரே போய் வாசிகசாலையடியில திரும்புங்கோ’ என்ற பதிலோடு போவதே நம் முறை. அந்த முறை இன்றும் நல்லதுதான். ஆனால் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள்.

1990 ஓகஸ்டில் படையினர் தீவகத்துக்குள் வந்தபோது வேலணை மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். அதன்பின் 1995 இறுதிவரை குடாநாடு ஒரு தரப்பிடமும் தீவகம் மறு தரப்பிடமும் இருந்தன. இன்று அரை மணி நேரத்தில் கடக்கும் பண்ணைப் பாதை மக்களுக்கு இல்லாதிருந்தது. அன்று கைப்பிள்ளையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர்களுக்கு இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. அவர்களுக்குத் தாத்தாவின் வளவு தெரியாது. உறுதியில் காணியின் பெயர் இருக்கும். வரைபடத்தில் அந்தப் பெயர் இருக்காது. கிணறும் அத்திவாரமும் பற்றைக்குள் கிடக்கும்.

ஊரில் இருக்கும் முதியவர் ஒருவரோடு அந்த இடத்துக்கு ஒருமுறை போங்கள். அங்கே நின்று, கைபேசியில் நீலப் புள்ளியின்மேல் அழுத்திப் பிடித்து இடத்தைச் சேமியுங்கள். காணிப் பெயரையே அதற்குப் பெயராக இடுங்கள். தோன்றும் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி உறுதியோடு வையுங்கள். வேலணையில் முதல் எண் 9.6 இலும் இரண்டாவது எண் 79.8 அல்லது 79.9 இலும் தொடங்கும். வேறாக இருந்தால் எங்கோ பிழை. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் சுமார் 11 மீற்றர் வரையும், ஐந்து எழுதினால் சுமார் ஒரு மீற்றர் வரையும் இடத்தைக் குறிக்கலாம். கைபேசியின் பிழையே 5 மீற்றர் என்பதால் இது இடத்தைக் கண்டுபிடிக்க மட்டுமே. எல்லை காட்ட அல்ல. எல்லைக்கு உரிமம் பெற்ற நில அளவையாளரே வேண்டும். கைபேசிப் புள்ளியைக் காட்டி அயலவரோடு வேலிச் சண்டைக்குப் போக வேண்டாம்.

அவசர நேரத்தில்

1990 என்ற எண் தீவகத்தாருக்கு இடம்பெயர்ந்த ஆண்டாக நினைவிருக்கும். அது இப்போது இலவச அம்புலன்ஸ் சேவையின் தொலைபேசி இலக்கமும் ஆகும். இந்திய உதவியோடு 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய சேவை 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. அழைப்பை எடுப்பவர் கொழும்புக்கு அண்மையில் உள்ள நிலையத்தில் இருக்கிறார். ‘வங்களாவடிக்குக் கிட்ட, அம்மன் கோயிலடி ஒழுங்கை’ என்று நாம் சொல்வது அவருக்குப் போதாது.

ஆகவே வயதானவர்களும் நோயாளிகளும் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் மூன்று விடயங்களைச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது: வீட்டின் அந்த இரண்டு எண்கள், பிரதான வீதியிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை என்ற விபரம், அருகில் உள்ள பாடசாலை, கோயில் அல்லது தேவாலயத்தின் முழுப் பெயர். கைபேசி தெரியாத அம்மம்மாவும் அதைப் பார்த்து வாசித்துச் சொல்லலாம். ஒருவரை ஒழுங்கை வாசலில் டோர்ச் வெளிச்சத்தோடு நிறுத்துவதையும் மறக்க வேண்டாம்.

வரைபடத்தைத் திருத்துவது யார்?

ஒழுங்கைப் பெயர் இல்லை, கோயில் தவறான இடத்தில் இருக்கிறது, வாசிகசாலையே இல்லை என்று முறைப்பட்டுப் பயனில்லை. கூகுள் வரைபடத்தில் ‘திருத்தம் பரிந்துரை’ என்ற வசதி உண்டு. அனுப்பியதை அவர்கள் பரிசீலித்து ஏற்பார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் கணக்குத் திறந்த எவரும் நேரடியாகச் சேர்க்கலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுத இடமுண்டு. பாடசாலை மாணவர்களும் சனசமூக நிலையங்களும் ஒரு வார இறுதியில் ஒரு வட்டாரத்தை முடிக்கலாம். முதியவர் பெயர் சொல்ல, பிள்ளைகள் பதியலாம். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருப்பவர்கள் செய்மதிப் படத்தைப் பார்த்து வீதியை வரையலாம். பெயரை உறுதிப்படுத்த ஊரில் ஒருவர் வேண்டும்.

சேர்ப்பவர் பொறுப்போடு சேர்க்க வேண்டும். தனியாரின் பெயர், தொலைபேசி இலக்கம், யார் வீட்டில் யார் இருக்கிறார் என்ற விபரம் எதுவும் பொது வரைபடத்துக்கு உரியதல்ல. வீதி, ஒழுங்கை, குளம், துறை, கோயில், பாடசாலை, வைத்தியசாலை ஆகியவை போதும்.

பின்தொடரும் கண்

கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த மக்களுக்கு இந்த அச்சம் இயல்பானது: கருவி எனக்கு வழி காட்டும்போது நான் எங்கே போகிறேன் என்பதையும் யாரோ எழுதுகிறார்களா? செய்மதி உங்களைப் பார்ப்பதில்லை, ஜி.பி.எஸ். ஒருவழி அலை மட்டுமே. இடத்தை வெளியே அனுப்புவது இணையச் செயலி. நெரிசலை அறிய அது அந்தத் தகவலைப் பயன்படுத்துகிறது. போன இடங்களின் பட்டியல் வேண்டாமென்றால் கூகுள் கணக்கில் ‘காலவரிசை’ என்பதை நிறுத்திப் பழையதை அழித்துவிடலாம். பாவிக்காத செயலிகளுக்கு இட அனுமதியை நீக்குங்கள். முழுக்க இணையமற்ற செயலியில் இறக்கிய வரைபடத்தோடு ஓடினால் உங்கள் வழி கைபேசிக்குள்ளேயே இருக்கும். இலங்கையில் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஆனாலும் சட்டத்தை நம்பி இருப்பதைவிட அமைப்புகளை நாமே பார்த்து வைப்பது மேல். இரவில் தனியாகத் திரும்பும் பெண்கள், ஓட்டோவில் ஏறும்போது தம் நேரடி இடத்தை வீட்டாருக்கு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பகிரலாம். அதே வசதி விரும்பும்போது பாதுகாப்பாகவும் வேலை செய்யும்.

அன்றாடப் பயணத்துக்கு இவ்வளவு போதும்: புறப்படுமுன் பண்ணையின் நிறத்தைப் பாருங்கள், ‘பாதை’ ஓடுகிறதா என்று ஆளிடம் கேளுங்கள், வரைபடத்தை இறக்கிவையுங்கள், வீட்டின் இரண்டு எண்களைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த முறை ஊரில் முதியவர் ஒருவர் ஓர் ஒழுங்கையின் பழைய பெயரைச் சொன்னால், அதை அன்றைக்கே வரைபடத்தில் பதிந்துவிடுங்கள்.